குப்பைமேடு கற்பிக்கும் பாடம்

பள்ளியிலிருந்து கல்விச் சுற்றுலாவுக்கான சீட்டு வரும்போது, "படிப்பு கெடும், பணமும் வீண்" என்று அதை மடித்து வைத்துவிடுகிறீர்களா?

மும்பையில், தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா உள்ளது. ஒருகாலத்தில் அது நகரத்தின் குப்பைமேடு. 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று சுமார் 37 ஏக்கரில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன.

வகுப்பறையில் ஈரப்பஞ்சின்மேல் பச்சைப்பயறு முளைவிடுவதைக் கண்ட பிள்ளை, அங்கே வளர்ந்த மரத்தைத் தொட்டுப் பார்க்கிறது. குப்பையின்மேலும் காடு எழும்பும் என்று புத்தகத்தில் படித்தால் மறந்துபோகலாம். கண்ணால் கண்டது நிலைத்திருக்கும்.

உடன் படிப்பவர்கள் எல்லாரும் புறப்பட்டுப்போன நாளில், வீட்டில் தனித்திருக்கும் பிள்ளையின் மனதைச் சற்றே எண்ணிப்பாருங்கள். கட்டணம் பாரமானால் கூச்சமின்றி ஆசிரியரிடம் பேசுங்கள். அச்சமிருந்தால், உடன்செல்லும் ஆசிரியர்கள் எத்தனைபேர், திரும்பும் நேரம் எது என்று கேட்டறியுங்கள்.

பிள்ளை திரும்பியதும், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பொறுமையாய்ச் செவிகொடுங்கள். வேற்றுமொழியில் கற்றதை வீட்டில் தமிழில் சொல்லும்போதுதான் பாடம் பிள்ளைக்குச் சொந்தமாகிறது.