வெளிநாட்டு விற்பனை: தும்பை விட்டு வாலைப் பிடிக்க வேண்டாம்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூடும் கூட்டத்தில் வெளிநாட்டினரையும் காணலாம். ரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் தங்குவோரும் உண்டு. ஜவ்வாது மலைச் சாமையையும் தேனையும் இங்கே சுவைத்தவர்கள், ஊர் திரும்பிய பின் "அனுப்பி வைக்க முடியுமா?" என்று கேட்பது இயல்பே.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. மாவட்டத்திலேயே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. விளைபொருளுக்குக் குறைவில்லை. அமேசான், ஈபே போன்ற இணையச் சந்தைகளும் திறந்திருக்கின்றன. ஆனால் மூட்டையைக் காக்கத் தெரிந்த விவசாயி, தன் பெயரில் உள்ள கணக்கைக் காக்கத் தவறினால் விளைந்தது வீடு வந்து சேராது.

பெயரும் ஒரு பட்டாவே

ஏற்றுமதிக்கு முதலில் வேண்டியது ஐ.இ.சி. எனப்படும் குறியீட்டு எண். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் இதை இணையத்தின் வழியே வழங்குகிறது. அரசுக் கட்டணம் ரூ.500. ஒரு பான் எண்ணுக்கு ஒரே ஒரு ஐ.இ.சி.தான். இப்போது வழங்கப்படும் ஐ.இ.சி. எண்ணும் பான் எண்ணும் ஒன்றே.

அரசு முத்திரை போல் ஒன்றை வைத்து, பல மடங்கு கட்டணம் வாங்கும் போலி இணையதளங்களும் இருக்கின்றன. உண்மையான அரசுத் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்று முடியும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய ஐ.இ.சி. விவரங்களை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். தவறினால் குறியீடு செயலிழந்துவிடும். விண்ணப்பத்தில் ஏஜெண்டின் செல்போன் எண்ணும் ஈமெயிலும் கொடுக்கப்பட்டிருந்தால் நினைவூட்டலும் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். பட்டா நம் பெயரில், சாவி அடுத்தவர் கையில் என்ற கதைதான்.

ஜெராக்ஸ் போன வழி

பான், ஆதார் நகல்களைக் கேட்ட இடத்தில் எல்லாம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். அந்த நகல்களை வைத்து வேறொருவர் வியாபாரம் தொடங்க முடியும். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. அதிகாரிகள் நடத்திய சோதனையில், 21,791 பதிவுகளுக்கு உரிய நிறுவனங்களே இல்லை என்பது தெரிய வந்தது. ரூ.24,010 கோடி வரி ஏய்ப்பு நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. இத்தகைய மோசடிகளில் ஏழை எளியவர்களின் பான், ஆதார் பயன்படுத்தப்படுவதும், கூலி வேலை செய்பவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வருவதும் நடந்திருக்கின்றன.

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடினால், அந்த எண்ணில் எத்தனை ஜி.எஸ்.டி. பதிவுகள் உள்ளன என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்ப்பது நல்லது. நகல் கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்பதை அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"உங்க பேருல ஒரு கணக்கு மட்டும் தொடங்கிக்கறேன், மாசாமாசம் ஒரு தொகை தந்துடறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். அவர் செய்யும் வியாபாரத்துக்குக் கேள்வி கேட்கப்படுவது கணக்கில் பெயர் உள்ளவரிடமே.

சிம் கார்டும் சாவிதான்

இணையக் கணக்குகள் பெரும்பாலும் செல்போன் எண்ணில்தான் தொங்குகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழிந்ததும் அது வேறொருவருக்குப் போகலாம். பிறகு ஓ.டி.பி. அவருக்கு வரும். ஆகவே வியாபாரத்துக்கென ஒரு எண்ணைத் தன் பெயரிலேயே வாங்கி, விடாமல் ரீசார்ஜ் செய்து வர வேண்டும். சிக்னல் உள்ள இடத்தில் திடீரென்று வெகுநேரம் சிக்னல் இல்லாமல் போனால், யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். உடனே செல்போன் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். தன் பெயரில் எத்தனை சிம் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்.

ஈமெயிலுக்கும் சந்தைக் கணக்குக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு வைப்பதுடன், இரண்டிலும் ஓ.டி.பி. கேட்கும் இரட்டைப் பூட்டையும் போட வேண்டும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தால், மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஒட்டிக்கொள்ளும் பழி

இணையச் சந்தைகளில் ஒருவர் கணக்கை மற்றவர் விலைக்கு வாங்கி நடத்துவது செல்லாது. தவறு செய்து முடக்கப்பட்ட கணக்கோடு தொடர்பு இருப்பதாகத் தெரிந்தால் மற்ற கணக்கும் முடக்கப்படலாம். பலருடைய கணக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் நடத்தும் ஏஜெண்டிடம் ஒப்படைத்தால் இந்த ஆபத்து உண்டு. கணக்கு முடங்கினால், விற்ற பணமும் இடையில் நின்றுவிடும். ஏஜெண்டுக்குத் தனி அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் அதை ரத்து செய்யும் வசதி பெரிய சந்தைகளில் இருக்கிறது. சொந்த பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையே இல்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக விற்பவர்கள் பான், ஐ.இ.சி., சிம், ஈமெயில் ஆகிய நான்கையும் நிறுவனத்தின் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும். பொறுப்பில் இருந்தவர் விலகினால் அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இயக்குநரின் மின் கையொப்பக் கருவியைப் பிறரிடம் விட்டுவைப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

பணம் வரும் வேளையில்

"பணம் அனுப்புகிறேன், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிப் பார்சலை அனுப்பக் கூடாது. வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் தெரிவித்து, சைபர் குற்றப் பிரிவிலும் புகார் பதிய வேண்டும்.

தும்பை விட்டு வாலைப் பிடித்தால் மாடு நிற்காது. இந்த வியாபாரத்தில் செல்போன் எண்ணும் பாஸ்வேர்டும்தான் தும்பு. அவை விவசாயியின் கையிலேயே இருக்கட்டும்.