பட்டம் பெட்டிக்குள் உறங்கலாமா?



மகள் மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, மதிப்பெண் போதாமையால் ஊட்டச்சத்தியல் வகுப்பில் சேர்த்துவிட்ட பெற்றோர் நம்மிடையே உண்டு. விரும்பியே அப்படிப்பைத் தேர்ந்தெடுத்த பெண்மக்களும் உண்டு. மதுரையில் அதற்கு வசதி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி 1980இல் இங்கே தொடங்கப்பெற்று, இன்று சமுதாய அறிவியல் கல்லூரி என்னும் பெயரில் நடைபெறுகிறது. படிப்பதில் தடை இல்லை. படித்து முடித்த பின்னரே சிக்கல் தொடங்குகிறது.

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி முதுகலைப் பட்டம் பெற்று, தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்றாண்டுகள் டயட்டீஷியனாகப் பணியாற்றினாள். "நோயாளி வீடு திரும்பும் நேரத்தில்தான் என்னை அழைக்கிறார்கள், ஹஜ்ரத். பத்து நிமிடத்தில் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்கிறேன். அவர் அதை மருந்துச் சீட்டோடு மடித்துக்கொண்டு போய்விடுகிறார். இதற்கா ஐந்தாண்டு படித்தேன்?" என்று மனம் நொந்து கேட்டாள். வேலையை விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் அவளுடைய அத்தா. அவளோ பி.எட். படிக்கலாமா என்று யோசிக்கிறாள்.

இது ஒருத்தியின் குறை மட்டுமன்று. அறுவை சிகிச்சையாலும் பரிசோதனையாலும் மருந்தாலும் மருத்துவமனைக்கு வருவாய் வருகிறது. உணவு ஆலோசனைக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே அப்பணி செலவுக் கணக்கில் சேர்கிறது; சம்பளமும் அதற்கேற்பச் சுருங்குகிறது. மேலும், சில வாரப் பயிற்சி பெற்றவரும், சத்து மாவு டப்பா விற்பவரும் தம்மை ஊட்டச்சத்து நிபுணர் என்றே அழைத்துக்கொள்கின்றனர். மருத்துவம் சார்ந்த பிற தொழில்களுக்காக நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய தேசிய ஆணையச் சட்டம் உணவியலாரையும் பெயர் குறித்து ஏற்றுக்கொண்டது நல்ல செய்தியே. எனினும், சட்டத்தின் பயன் சம்பளச் சீட்டு வரை வந்து சேரக் காலம் பிடிக்கும்.

அப்படியானால் இந்த அறிவுக்குத் தேவை இல்லையா? எண்ணிப் பாருங்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தேவை மலைபோல் நிற்கிறது. ஆனால் அது மருத்துவமனை அறையில் இல்லை. நம் அடுப்பங்கரையில் இருக்கிறது.

இவ்வுண்மையை நம் மண்ணே ஒருமுறை மெய்ப்பித்துக் காட்டியது. மேலூரைக் கடந்து திருச்சி சாலையில் செல்வோர் கொட்டாம்பட்டியைக் காண்பர். உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு அந்த ஒன்றியமே முன்னோடிக் களம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை அவ்வூர்ப் பெண் பணியாளரே மாதந்தோறும் எடை பார்த்தார். வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு அளிக்கப்பட்டது. எடை தேறியதும் அது நிறுத்தப்பட்டது. தாய்க்கு அறிவுரை தொடர்ந்தது. கடுமையான ஊட்டக்குறைவு அதனால் கணிசமாகக் குறைந்தது. தாளை நீட்டியதால் அன்று. வாசற்படி ஏறிச் சென்று, எடையைத் தாயின் கண்முன் காட்டியதால்தான்.

ஆகவே, சலித்துப்போன சகோதரிகளுக்குச் சொல்வேன்: படிப்பை மாற்ற வேண்டாம், அமரும் இடத்தை மாற்றுங்கள்.

அரசுப் பணியை நாடலாம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு மனையியல், ஊட்டச்சத்தியல் படித்த பெண்களுக்கென அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தியிருக்கிறது. ஆசிரியப் பணியில் நாட்டமிருந்தால், கல்லூரி விரிவுரையாளருக்கான நெட் தேர்வில் மனையியல் ஒரு பாடம். மருத்துவத் துறையிலேயே நிலைக்க விரும்பினால், இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதுங்கள். அப்பதிவு உங்களைச் சத்து மாவு வியாபாரியிடமிருந்து பிரித்துக் காட்டும்.

இவற்றுக்கு அப்பால் நம் மஹல்லாவிலேயே ஒரு களம் காத்திருக்கிறது. ரமளான் நெருங்கும்போது நீரிழிவு உள்ள பெரியவர்கள் எவ்வளவு தடுமாறுகிறார்கள்! மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் சொல்வார். நோன்பு நோற்பது உடலுக்குத் தகுமா என்பதையும் அவரே ஆராய்ந்து சொல்வார். சஹருக்கு எதை உண்பது, நோன்புக் கஞ்சி எத்தனை கிண்ணம், வடையும் சமோசாவும் எந்த அளவு என்பதை நம் வீட்டுச் சமையல் அறிந்த ஒருத்தி சொன்னால்தானே மனத்தில் பதியும்? நெய்ச்சோற்றையே காணாதவர் எழுதிய பட்டியல் நம் சமையலறையில் செல்லுபடியாகுமா? வாரம் இருமுறை மாலையில், கட்டணம் குறித்து, பெண்களுக்கு ஆலோசனை வழங்க வீட்டின் முன்கூடமே போதும். இன்று மூன்று குடும்பங்கள் வந்தால், நாளை முப்பது வரும். முதல் ஓராண்டு வருவாய் குறைவாகவே இருக்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு, கைவசமுள்ள வேலையை உடனே உதறாமல் தொடங்குவதே விவேகம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுப் பெண் நீரிழிவு உணவு பற்றி உங்கள் மகளிடம் கேட்டால், "சும்மா சொல்லம்மா" என்று நீங்களே இலவசமாக்கிவிடாதீர்கள். தையற்கூலி கொடுக்கத் தயங்காத நாம், அறிவுக்குக் கூலி கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? ஏழைக்கு விட்டுக்கொடுப்பது அவளது ஈகையாக இருக்கட்டும். நமது எதிர்பார்ப்பாக இருக்க வேண்டாம்.

அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் இதே மதுரையில்தான் தொடங்கப்பட்டது. பசித்த வயிற்றுக்கு உணவும், உண்ட உணவில் சத்தும் வேண்டுமென உணர்ந்த ஊர் இது. இங்கே பெற்ற பட்டம் பெட்டிக்குள் உறங்குவது அப்பெண்ணுக்கு மட்டுமன்று, அவள் தெருவுக்கே இழப்பு என்பதைச் சிந்திப்போமாக!