பள்ளி அலுமாரியும் ஊராரின் உரிமையும்: ஆவண முகாமைத்துவம் பற்றி ஒரு கரையோர நோக்கு

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணையைக் குறிக்க வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பக்கூடாது, எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று விரிவாக விதிக்கிறது. இவ்வசனத்தை ஓதிவரும் நமது ஜமாஅத்துகளின் அலுமாரிகளைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டால், "அந்தக் கொப்பி முந்தின செயலாளர்ட ஊட்ட கிடக்கு" என்ற பதிலைத்தான் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்.

இது பள்ளிகளுக்கு மட்டுமான குறையல்ல. சல்லி, சாம்பல்தீவு தொடக்கம் நிலாவெளி, குச்சவெளி வரையான இந்த வடகரையில் கோயில் சபையானாலும், கடற்றொழிலாளர் சங்கமானாலும், பள்ளி நிர்வாகமானாலும் ஆவணங்கள் ஒரே ஆபத்தை எதிர்நோக்குகின்றன. உப்புக் காற்று, வாடைக்கால ஈரம், கறையான் ஆகியவை ஒருபுறம். யுத்தமும் இடம்பெயர்வும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் மறுபுறம்.

ஆவணம் தொலைந்தால் என்ன நடக்கும்?

சுனாமிக்குப் பின்னர், ஜனாஸாவே கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்காகப் பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. மரணப் பதிவு இல்லாமல் வாரிசுரிமை இல்லை, வங்கிப் பணம் இல்லை, காணியைப் பெயர் மாற்றவும் வழியில்லை. அடுத்து, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் உரிமையைக் கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் "இந்தக் காணி என்னுடையது" என்று காட்ட உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, வரிப் பற்றுச்சீட்டோ கையில் இருக்க வேண்டும்.

நிக்காஹ்வை எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு விவாகம் செல்லாததாகிவிடாது. நல்லதுதான். ஆனால் கணவர் மௌத்தான பின் அந்த நிக்காஹ்வை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் ஒரு விதவைப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. காவின் பதிவு இல்லாதபோது பள்ளியின் குடும்பப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி அவளுக்குத் துணை நிற்கலாம். ஆகவே அந்த வரியை நிர்வாகத்தின் சொத்தாக அல்ல, அவளுக்குரிய அமானிதமாகவே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது முகாமைத்துவம் அல்ல

ஆவண முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15489. 2001இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்டது. ஓர் ஆவணத்துக்கு அது நான்கு பண்புகளை எதிர்பார்க்கிறது: போலியாக இருக்கக்கூடாது, நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும், பின்னால் யாரும் கைவைத்து மாற்றியிருக்கக்கூடாது, தேவைப்படும்போது தேடி எடுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான்காவதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். மூட்டை மூட்டையாகக் கடதாசி இருக்கும், வேண்டியது கிடைக்காது.

எனவே முதல் வேலை, எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று ஒரு பட்டியல் போடுவது. பள்ளி நிர்வாகத்துக்கு மூன்று வகுப்புகள் போதும்.

நிரந்தரமானவை: வக்பு உறுதிகள், நில அளவைப் படங்கள், 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழான பதிவுச் சான்று, நம்பிக்கையாளர் நியமனக் கடிதங்கள், கூட்டறிக்கைகள், ஜமாஅத் குடும்பப் பதிவேடு, மையவாடிப் பதிவேடு.

குறித்த காலத்துக்கு உரியவை: பற்றுச்சீட்டு, வவுச்சர், வங்கிக் கூற்று, சந்தாக் கணக்கு. தகவலறியும் உரிமைச் சட்டம் (2016, இல. 12) புதிதாக உருவாகும் ஆவணங்களைக் குறைந்தது 12 வருடங்கள் பாதுகாக்குமாறு அரச அதிகார சபைகளைப் பணிக்கிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல்.

உடனே கழிக்கக்கூடியவை: அழைப்பிதழ்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள், முடிந்துபோன அறிவித்தல்கள். எதை, எப்போது, யாருடைய தீர்மானப்படி கழித்தோம் என்பதையும் எழுதி ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை சந்தேகம் வரும்.

பெயரும் திகதியும்

திருகோணமலை நிக்கல்சன் கோவ் பகுதியில் ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. பத்ருத்தீன் ஹுசைன் பின் அலி அல்-ஹலபி என்பவருடைய மகளின் கல்லறை அது. தந்தையின் பெயரும் 'ஹலபி' என்ற ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டிருந்ததால்தான், அலெப்போவோடு தொடர்புடைய ஒரு குடும்பம் இத்துறைமுகத்தில் இருந்ததை இன்று அறிகிறோம். நமது பள்ளித் திறப்பு விழாப் படங்களின் பின்புறத்திலோ ஒன்றுமே இல்லை! யார், எப்போது, எதற்காக என்ற மூன்றும் ஒவ்வொரு கோவையின் மேலும் எழுதப்பட வேண்டும்.

வைக்கும் முறை

இரும்பு அலுமாரியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். ஸ்டேப்ளர் கம்பிகள் துருப்பிடித்துக் கடதாசியைத் தின்னும்; கழற்றிவிடுங்கள். பழைய உறுதிகளை லெமினேட் பண்ண வேண்டாம். அந்தச் சூடும் பசையும் மூலப் பத்திரத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் இயலாது. தடித்த கடதாசி உறையில் போட்டு வைப்பதே மேல்.

கைத்தொலைபேசியாலேயே ஸ்கேன் செய்யலாம். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், பொருள் என்ற ஒழுங்கில் இடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று பள்ளியில், ஒன்று வேறொரு வன்தட்டில், ஒன்று கடற்கரையிலிருந்து தூரத்தில் அல்லது இணையச் சேமிப்பில். கடல் ஏறும் கரையில் மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பதில் பயனில்லை. ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று மூலத்தை அலட்சியம் செய்யக்கூடாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களை அங்கீகரித்தாலும், மரண சாசனம், காணி விற்பனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. காணிக்கு இன்றும் கடதாசிதான்.

எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கவும் கூடாது. ஸகாத் பெற்றவர் பட்டியல், குடும்பப் பிணக்கு விசாரணைக் குறிப்புகள் ஆகியவற்றுக்குத் தனிப் பூட்டு வேண்டும். ஏழையின் மானமும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

கைமாறும் நாள்

என் அனுபவத்தில், கறையானைவிட அதிக ஆவணங்களைத் தின்பது நிர்வாக மாற்றம். புதிய சபை வருகிறது, பழைய சபை கோபத்தோடு போகிறது, கொப்பிகள் வீடுகளில் தங்கிவிடுகின்றன. இதற்கு மருந்து எளியது. ஆவணங்கள் பதவிக்கு உரியவை, ஆளுக்கு உரியவை அல்ல என்று யாப்பில் ஒரு வாசகம் சேர்க்க வேண்டும். அலுமாரியின் உள்ளே பொருட்பட்டியல் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். பொறுப்புக் கொடுக்கும் நாளில் இரு தரப்பும் அதைச் சரிபார்த்து, சாட்சிகள் முன் ஒப்பமிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மாதத்தில் செய்ய முடியாது. காணி உறுதி, குடும்பப் பதிவேடு, மையவாடிப் பதிவேடு ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரையும், ஊர் வரலாறு தெரிந்த மூத்தவர் ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு ஆள் இல்லை.