கடைசி நேரப் பயணம்: முதலில் காப்பீடு, பிறகு பணம்

வியாழக்கிழமை ராத்திரி முடிவெடுத்து, சனிக்கிழமை விமானம் ஏறுகிறார்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்த பிறகு, சென்னையிலிருந்து பாங்காக் செல்லும் பல குடும்பங்களுக்கு இது வழக்கமாகிவிட்டது. கையில் இருக்கும் ஒன்றரை நாளில் பெரும்பகுதி ஹோட்டல் தேடுவதிலும் துணி அடுக்குவதிலும் போய்விடுகிறது. பணத்தை விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். காப்பீடோ, டிக்கெட் போடும்போது கட்டத்தில் ஒரு டிக் அடிப்பதோடு முடிகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பணத்தில் செய்யும் தவறை அங்கே போயும் சரிசெய்யலாம், சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். பயணக் காப்பீடு அப்படியல்ல. இந்தியாவை விட்டுக் கிளம்பியவருக்கு நம்மூர் நிறுவனங்கள் பொதுவாகப் புதிய பாலிசி தருவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். தாய்லாந்துத் தனியார் மருத்துவமனைகளிலோ, காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதமோ முன்பணமோ இல்லாமல் வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது கடினம்.

ஒரு வாரத் தாய்லாந்துப் பயணத்துக்கு, நடுத்தர வயதுக்காரருக்கு, பிரீமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதனால் விலை பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். பாலிசியில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்குச் செலவிடுங்கள். மருத்துவச் செலவுக்கான தொகை குறைந்தது 50,000 டாலராவது இருக்கட்டும். டிக்கெட்டோடு ஒட்டி வரும் பாலிசியில் பை தொலைந்தால், விமானம் தாமதமானால் என்ற பட்டியல் நீளமாக இருக்கும். மருத்துவத் தொகை எவ்வளவு என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். ‘டிடக்டிபிள்’ என்று போட்டிருப்பது நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கு. அது 100 டாலர் என்றால், சின்னக் காய்ச்சலுக்கு ஆகும் செலவு முழுவதும் உங்களுடையதே.

தேதியிலும் கவனம் வேண்டும். ஞாயிறு இரவு பாங்காக்கில் ஏறி, நள்ளிரவு தாண்டிச் சென்னையில் இறங்குகிறவர்கள் உண்டு. பாலிசி திங்கள்கிழமையையும் சேர்த்து இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இன்னும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். சுகர், பிரஷர், முன்பு வைத்த ஸ்டென்ட் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பிரீமியம் ஏறும் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். அவசரத்தில் மருத்துவமனைக்குப் போனதும் நிறுவனம் முதலில் கேட்பது பழைய மருத்துவ வரலாற்றைத்தான். மறைத்தது தெரிந்தால் பணம் கிடைக்காது. பழைய நோய் திடீரென்று உயிருக்கு ஆபத்தாக முற்றினால் மட்டும், ஒரு வரம்புக்குள் செலவைத் தரும் பாலிசிகள் உண்டு. அறவே தராதவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. தாய்லாந்துத் தீவுகளில் ஸ்கூட்டர் வாடகை மலிவு, கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலும் கொடுத்துவிடக்கூடும். ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் நிச்சயம் கேட்கும். இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல், ஹெல்மெட் போடாமல், குடித்துவிட்டு ஓட்டினால் இழப்பீடு மறுக்கப்படும். அந்த அனுமதியை இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், இரண்டு நாளில் கைக்கு வரும் என்று நம்ப முடியாது. கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் ஸ்கூட்டர் ஆசையை விட்டுவிட்டு டாக்ஸியில் போவதுதான் நல்லது. ஸ்கூபா டைவிங், பாராசெயிலிங் போன்றவையும் பல பாலிசிகளில் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

இனி பணம். வெள்ளிக்கிழமை பகலிலேயே ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடம் போய்விடுங்கள். சனி, ஞாயிறில் சந்தை மூடியிருப்பதால் விலையைக் கொஞ்சம் ஏற்றியே வைப்பார்கள். விமான நிலையக் கவுன்டரில் அதைவிடவும் கூடுதல். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் வேண்டும். ரொக்க ரூபாயாக 50,000-க்குக் கீழ்தான் கொடுக்க முடியும், அதற்கு மேல் வங்கிக் கணக்கிலிருந்து. ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் தருவார்கள், மீதி கார்டில்.

பலர் ஜிஎஸ்டியைக் கண்டு மலைக்கிறார்கள். வரி மொத்தத் தொகைக்கு அல்ல. ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் வரி 180 ரூபாய்தான். பணம் உண்மையில் போவது விலையில். ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்த கடை, டாலருக்கு 2 ரூபாய் கூடுதலாகச் சொன்னால், ஆயிரம் டாலருக்கு 2,000 ரூபாய் காணாமல் போகிறது. இரண்டு கடைகளில் கேட்டாலே இந்த வித்தியாசம் பிடிபடும். இறங்கியதும் டாக்ஸிக்கு, சாப்பாட்டுக்குத் தேவையான பாட் (தாய்லாந்து நாணயம்) மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, மீதியைக் கசங்காத 100 டாலர் நோட்டுகளாக எடுத்துச் செல்வது என் கணக்கில் நல்ல வழி. பாங்காக் நகரக் கடைகளில் சின்ன நோட்டுகளைவிட 100 டாலர் நோட்டுக்கு நல்ல விலை கொடுப்பார்கள்.

கார்டை நம்பிப் போகிறவர்கள் கிளம்பும் முன் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆன் செய்து, வரம்பும் வைக்க வேண்டும். ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஊர் சிம்மைப் போட்டால், நடுவழியில் கார்டு கைவிட்டுவிடும். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால், ஜிஎஸ்டியோடு 4.13 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் 4,130 ரூபாய். கடையில் மெஷின் ‘ரூபாயிலா, பாட்டிலா’ என்று கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் விலையை வைப்பது உங்கள் வங்கியல்ல, கடைக்காரர் பக்கத்து நிறுவனம். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அந்நாட்டு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. 500, 1,000 என்று சில்லறையாக எடுப்பது வீண். யுபிஐ இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் வந்துவிட்டது, தாய்லாந்துக்கு அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கிளம்பும் முன் இன்னொரு வேலையும் உண்டு: 2025 மே முதல் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை கேட்கிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசு தளம் அல்ல.

அங்கே ஏதாவது நடந்துவிட்டால், மருத்துவமனையில் சேர்ந்த உடனே பாலிசியில் உள்ள உதவி எண்ணை அழையுங்கள். தாமதமாகச் சொன்னால் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி கைநழுவும். பை வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் புகார் நகல் வேண்டும். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீந்த நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலுள்ளதை நாடு திரும்பிய 180 நாட்களுக்குள் மணி சேஞ்சரிடமோ வங்கியிடமோ திரும்பக் கொடுக்க வேண்டும். இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பு வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் புகார் தரலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.