ஏலக்காயும் ஏழு கடலும்

நம் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கு விலை வைப்பவர் யார்? ஏலம் கூறுபவர் மட்டுமல்லர்! கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நம் தாய்மார் ஜீப்பில் மலையேறிப் பறித்து வரும் காய், அரபு நாட்டுக் காப்பியில் மணக்கிறது. நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் விளைச்சல் பெருகினால், இங்கே விலை சரியக்கூடும். நாடுகளை இவ்வாறு பிணைக்கும் வாணிகம், உடன்படிக்கை, போர், சமாதானம் ஆகியவற்றை ஆராய்வதே பன்னாட்டு உறவுகள் என்னும் பாடம்.

பட்டம் பெற்றபின் ஈராண்டு முதுகலையாக இதனைக் கற்கலாம். வரலாறு, பொருளியல், பன்னாட்டுச் சட்டம் மூன்றும் இதில் சங்கமிக்கின்றன. 1955இல் தில்லியில் இதற்கெனத் தோன்றிய கல்விக்கூடம், 1970இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

“பெண்பிள்ளைக்கு இப்படிப்பு எதற்கு?” என்பாரும் உளர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும் என்றது அன்றைய விதி. ஆண்களுக்கோ அவ்விதி இல்லை! அவர் உச்ச நீதிமன்றம் சென்றார்; 1979இல் நீதிமன்றம் அப்பாகுபாட்டைக் கண்டித்தது.

கதவு திறந்துவிட்டது. தோழியரே, பத்தாம் வகுப்போடும் பட்டத்தோடும் நின்றுவிடாமல், நாமும் உள்ளே நுழைவோம்!