பாய இடமுண்டு, நிற்க இடமில்லை

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் ஓடும் பந்தயம். கால் மைல், அதாவது 402 மீட்டர். விளக்கு பச்சையானதும் புறப்பட்டு எல்லைக்கோட்டை முதலில் தொடுபவர் வென்றவர். வளைவும் சுற்றும் இல்லாததால், நேரான சாலை ஒன்று கிடைத்தால் எங்கும் இதைச் செய்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வேர்விடுகிறது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையிலும் நள்ளிரவு பைக் ரேஸ் நடப்பதும், போலீசார் தடுப்பு வைப்பதும், வண்டிகள் பறிமுதலாவதும் திரும்பத் திரும்ப வரும் செய்தியாகிவிட்டன. டிராக் ரேஸின் பாதி கிளட்ச் பிடித்த கையில் இருக்கிறது. மறுபாதி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்காக ஒதுக்கிய வெற்றிடத்தில் இருக்கிறது. சாலையில் பந்தயம் விடுபவர் முதல் பாதியை மட்டுமே எடுத்து வருகிறார். ஆபத்தும் சட்டச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகின்றன.

அந்த முதல் பாதி உண்மையான திறமை என்பதை மறுக்க வேண்டியதில்லை. புறப்படும் கணத்தில் எஞ்சின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கிறது. பின்சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் இணைப்பவை கிளட்ச் பிளேட்டுகள். லிவரைப் படக்கென்று விட்டால் பின்சக்கரம் வழுக்கும், அல்லது முன்சக்கரம் எழும், அல்லது எஞ்சின் நின்றுபோகும். தேர்ந்தவர் எஞ்சின் சுற்றை ஒரே அளவில் பிடித்து, பிளேட்டுகள் பாதி பற்றிப் பாதி வழுக்கும் இடத்தில் லிவரைத் தாங்கி, வேகம் ஏற ஏற மீதியை விடுவார். சாதாரண நீளமுள்ள பைக்கில் முடுக்கம் புவியீர்ப்பின் அளவை நெருங்கும்போதே முன்சக்கரம் தரையை விட்டுவிடும். டிராக் பைக்குகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டி, முன்பக்கத்தைத் தாழ்த்துவது இதைத் தடுக்கத்தான். கியர் மாற்றும்போதும் பற்களின் மேலுள்ள விசை ஒரு கணம் தளர வேண்டும். கிளட்ச்சை லேசாகத் தொட்டோ, குவிக்‌ஷிஃப்டர் என்ற கருவியால் எஞ்சினின் பொறியை நொடியின் சிறு பகுதிக்கு நிறுத்தியோ அந்தத் தளர்வைத் தருகிறார்கள். கியர் சரியாக விழாமல் இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டால், முழு வேகத்தில் எஞ்சின் மட்டும் எகிறும், ஓட்டுபவர் நிலைகுலைவார்.

லாஞ்ச் கன்ட்ரோல் உள்ள வண்டி இந்த ஆபத்தையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது அளவான வேலை. ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினாலும் எஞ்சின் சுற்று குறித்த அளவைத் தாண்டாமல் பிடித்துவைக்கிறது. சக்கரம் எழுவதையும் வழுக்குவதையும் மட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் லிவர் அப்போதும் ஓட்டுபவரின் விரல்களில்தான். கிளட்ச் வெந்துபோகாமல் இருக்க, இந்த வசதியைத் தொடர்ந்து எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு டுகாட்டி போன்ற நிறுவனங்கள் வரம்பே வைத்துள்ளன. பந்தயத் தடத்தில் புறப்படும் பகுதிக்குப் பிசுபிசுப்பான பூச்சு தந்து டயர் பற்றும்படி செய்கிறார்கள். சாலையில் கிடப்பவை மணலும் சிந்திய டீசலும். எதிரே மாடு நிற்பதை எந்த லாஞ்ச் கன்ட்ரோலும் அறியாது. அது வண்டியைக் கிளப்பும் கருவி. நிறுத்தும் கருவி அல்ல.

நிறுத்தும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகிறது. அதன்பின் உலர்ந்த சாலையில் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 7 மீட்டர் குறைகிறது என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் போதும். 150 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 187 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டரை மடங்கு கூடினால் தேவைப்படும் தூரம் நான்கு மடங்குக்கு மேல் போகிறது. பழுத்த தொழில்முறைப் பந்தயமும் இந்தக் கணக்குக்குப் பணிந்ததுண்டு. 2008 ஜூனில் அமெரிக்காவின் இங்கிலீஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற கார் பந்தய வீரர், ஓடுதளத்தின் முடிவில் வண்டி நிற்காமல் உயிரிழந்தார். அதன்பின் அதிவேகப் பிரிவுகளுக்குப் பந்தயத் தூரத்தையே 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்தார்கள். நிற்பதற்கென்றே இடம் ஒதுக்கிய தடத்திலேயே இந்த நிலை.

நள்ளிரவு இரண்டு மணிக்குச் சாலை காலியாகத்தானே இருக்கிறது என்பது அடுத்த வாதம். அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் யார்? கடலுக்குப் புறப்படும் மீனவர், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், பால் வண்டிக்காரர், இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண். பந்தயத்தில் இறங்குபவர் தன் உயிரைப் பணயம் வைப்பதாக நினைக்கிறார்; இவர்களின் உயிரையும் சேர்த்தே வைக்கிறார். அவர்களில் ஒருவரும் அதற்குச் சம்மதம் தரவில்லை.

சட்டம் இதைத் தெளிவாகப் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் சிறை ஓராண்டு வரை, அபராதம் 10,000 வரை. பந்தயத்தில் ஓட்டுபவர் மட்டுமல்ல, அதற்கு இடம்கொடுப்பவரும் குற்றவாளியே. ஸ்விங் ஆர்மை நீட்டுவது போன்ற அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவின்கீழ் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஓட்டிய பிள்ளை 18 வயது நிரம்பாதவர் என்றால் 199ஏ பிரிவு பெற்றோர்மீதோ வண்டி உரிமையாளர்மீதோ பாய்கிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. கவனமின்மையால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டு வரை சிறை.

பலர் கவனிக்காத இழப்பு இன்சூரன்ஸில் இருக்கிறது. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்: பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே அச்சாகியிருக்கும். அதிவேகமாகக் கார் ஓட்டித் தன் தவறாலேயே இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு இழப்பீடு மறுக்கப்பட்டதில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்தது. பந்தய வண்டியால் அடிபட்டவரின் நிலை வேறு. அவருக்கு உரிமைகள் உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவரோ குடும்பத்தாரோ மனு செய்யலாம். 6 மாதத்துக்குள் செய்யும்படி சட்டம் சொல்வதால் தாமதிக்கக் கூடாது. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. அந்தக் கடன் பிள்ளைக்கு பைக் வாங்கிக்கொடுத்த தகப்பனின் தலையில் விழும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது, தயங்க வேண்டாம்.

தடத்துக்குப் போகப் பணமும் வசதியும் எல்லாரிடமும் இல்லையே என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பிடிப்பதும் பறிப்பதும் மட்டும் விடையாகாது. 1951இல் அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியபோது, தெருவில் ஓடிய இளைஞர்களைத் தடத்துக்கு அழைத்து வருவதே அதன் நோக்கங்களில் ஒன்று. நமக்கும் முன்னுதாரணம் உண்டு: சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் பல ஆண்டுகள் பந்தயக் களமாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசிய டிராக் போட்டிகள் நடந்துள்ளன. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, அரசே சாலைகளை அடைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பி ஃபார்முலா 4 பந்தயம் நடத்தியது. அப்படியிருக்க, சாதாரண பைக் வைத்திருப்பவரும் ஹெல்மெட்டும் தோல் உடையும் அணிந்து, சிறு கட்டணத்தில், ஆம்புலன்ஸ் காத்திருக்க ஓட்டிப்பார்க்க மாதம் ஒரு நாள் ஏன் கூடாது? 189ஆம் பிரிவே ‘அரசின் அனுமதியின்றி’ என்றுதான் தடுக்கிறது. அனுமதிக்கும் கதவைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவைப் பயன்படுத்தும்படி அரசையும் மோட்டார் விளையாட்டு மன்றங்களையும் இளைஞர்கள் கேட்க வேண்டும்; பெற்றோரும் உடன் சேர்ந்து கேட்கலாம். அதுவரை, சாலையில் பந்தயத்தைக் கண்டால் 112ஐ அழையுங்கள். வீட்டில் நிற்கும் பைக்கின் ஸ்விங் ஆர்ம் நீண்டிருந்தால் பிள்ளையிடம் அன்றே பேசுங்கள். கிளட்ச்சை விடும் அழகைக் கற்ற பிள்ளைக்கு, வண்டியை நிறுத்த ஓர் இடம் தருவது பெரியவர்களின் பொறுப்பு.