பதிவேட்டில் பிழை இருந்தால் எங்கே தொடங்குவது?

ஆதாரில் முனியம்மாள், பட்டாவில் முனியம்மா, பள்ளிச் சான்றிதழில் எம். முனியம்மாள், வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு யாரோ. ஆள் ஒருத்திதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரைச் சுற்றிய கிராமங்களிலும் மேலே ஜவ்வாது மலையிலும் இப்படி ஆவணத்துக்கு ஒரு பெயரோடு வாழ்கிறவர்கள் உண்டு. மகளின் கல்லூரிச் சேர்க்கை, முதியோர் உதவித்தொகை, வாரிசு பட்டா என்று ஏதாவது வரும்வரை அது தொந்தரவாகத் தெரிவதில்லை. வந்ததும் அவசரம் பிடித்துக்கொள்கிறது. எளிதாகக் கிடைப்பது ஆதார் மையம் என்பதால் முதலில் அங்கே போய்த் திருத்துகிறார்கள்.

அங்கே தொடங்குவதுதான் ஆபத்து. ஆதாரில் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே மாற்ற விடுவார்கள். தவறான ஆவணத்தைக் காட்டி அந்த வாய்ப்பைச் செலவழித்துவிட்டால், பிறகு சரியான ஆவணம் கிடைத்தாலும் திண்டாட்டம். இன்னொன்று: ஆதார் வயதுக்குச் சான்று ஆகாது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆதாரில் இருந்த தேதியை ஏற்காமல், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருந்த தேதியையே எடுத்துக்கொண்டது. ஆகவே திருத்தத்தைத் தாய்ப் பதிவிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது பிறப்புப் பதிவேடு. அது சரியானால் மற்றவை அதைக் காட்டியே சரியாகும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 15ஆம் பிரிவு, திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. பிழை நிரூபணமானால் பதிவாளர் பழைய பதிவில் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் சரியான விவரத்தை எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார், என்றைக்கு மாற்றினார் என்ற மூன்றும் எவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். எழுத்துப் பிழை மட்டுமல்ல, மோசடியாகவோ முறைகேடாகவோ ஏறிய பதிவையும் இதே பிரிவில் திருத்தவோ நீக்கவோ முடியும்.

பதிவே இல்லாவிட்டால்? வீட்டிலேயே பிள்ளை பிறந்த மலைக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி உண்டு. ஒரு வருடம் கடந்த பிறப்பைப் பதிய முன்பு சட்டத்தில் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவு வேண்டும் என்று இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த அதிகாரத்தை மாவட்ட நடுவருக்கும் அவருக்குக் கீழுள்ள நிர்வாக நடுவர்களுக்கும் கொடுத்துவிட்டது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1.10.2023 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சான்றிதழில் ஒவ்வோர் எழுத்தையும் இன்றே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

"எங்கேயும் அலைய வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரை நம்பிப் பணம் கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அச்சடித்த சான்றிதழில் மை தொட்டு மாற்றினாலும், கணினியில் எழுத்தை மாற்றி நகல் எடுத்தாலும் அது திருத்தம் அல்ல, போலி ஆவணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு பிறப்புப் பதிவேடு, வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவற்றைப் போலியாக உருவாக்குவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. போலி என்று தெரிந்தே பயன்படுத்துவதும் குற்றம். பிடிபடும்போது கையில் சான்றிதழோடு நிற்பது தரகர் அல்ல, அந்தக் குடும்பம்தான்.

நிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வதில், ஏறிய பிழைகள் இன்றும் தொடர்கின்றன. தந்தை பெயர் மாறியிருக்கும், உட்பிரிவு மாறியிருக்கும், சில இடங்களில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரே ஏறியிருக்கும். பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983இன்படி வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அவர் உத்தரவு திருப்தி இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஆனால் நிலம் யாருடையது என்பதிலேயே தகராறு என்றால் வருவாய்த்துறை அதைத் தீர்க்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு வாங்கினால், அதன்படி பட்டா திருத்தப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் வருவாய் அலுவலகங்களுக்கே வருடக்கணக்கில் நடந்து ஓய்ந்தவர்கள் உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் இப்போது தனி வட்டம் ஆகிவிட்டதால், மலைக்கிராமத்தார் புதிய மனுவை அங்கே கொடுக்க வேண்டும். பழைய பதிவேட்டு நகலுக்குப் போளூரிலும் கேட்டுப் பார்க்கலாம்.

வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் உரிமை கோரியவர்களுக்கு வழி வேறு. அந்த உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். கேட்ட பரப்பைக் குறைத்தாலும் கோரிக்கையை மறுத்தாலும் காரணத்தோடு மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் அடுத்த குழுவிடம் மனு கொடுக்கலாம். கிராம சபை முடிவு என்றால் கோட்ட அளவிலான குழு, கோட்டக் குழுவின் முடிவு என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு.

எல்லாவற்றையும் எல்லோரும் திருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலை மக்கள் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்று, வட ஆற்காடு உள்ளிட்ட சில மாவட்டங்களைக் குறித்து இடம்பெற்றவர்கள். திருவண்ணாமலை 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் என்பதால் இங்கும் அது பொருந்தும். இவர்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போடுவது வழக்கம். பள்ளிப் பதிவேட்டில் சாதி என்ற இடத்தில் அந்தப் பட்டப்பெயர் மட்டும் ஏறிவிட்டால் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கு முட்டுக்கட்டை விழும். இந்தச் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர். பள்ளிப் பதிவில் இருப்பதைத் திருத்த வழி உண்டு. பட்டியலில் இருப்பதைத் திருத்த, அரசியல் சாசனம் 342ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நரிக்குறவர்களைச் சேர்க்க 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது.

எந்த அலுவலகம் ஆனாலும் மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு கிடப்பில் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் அதன் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவை மறுத்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள், அது இல்லாமல் மேல்முறையீடு நிற்காது. வழக்கு வரை போக நேர்ந்தால் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் இலவசம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.